பாட்டிக்கு உத்தரவு போட்ட பையன்: வீட்டு சர்க்கஸில் ஆங்கிலம் பழகிய ஒரு குடும்பம் பற்றிய நிகழ்வு ஆய்வு

## பின்னணி

சின்னக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் பழக்குவது என் வேலை. அதில் பாதி நேரம் பெற்றோரோடு பேசுவதிலேயே போகும், ஏனென்றால் வகுப்பில் கிடைக்கும் அரைமணி நேரத்தைவிட வீட்டில் கிடைக்கும் பத்து நிமிஷம் பல சமயம் அதிகமாக வேலை செய்கிறது. இங்கே எழுதுவது நான் சில மாதங்கள் பக்கத்திலிருந்து பார்த்த ஒரு குடும்பத்தைப் பற்றி. அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். யாரென்று தெரியவைக்கும் விவரங்களை விட்டுவிட்டேன்.

வீட்டில் ஐந்து பேர். அம்மா, அப்பா, அப்பாவின் அம்மா, ஐந்தரை வயதுப் பையன், மூன்றரை வயதுத் தங்கை. வீட்டில் பேசுவது தமிழ் மட்டும். அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வரும், வேலை சம்பந்தமாக எழுதவும் வரும், ஆனால் பேச வேண்டும் என்றால் தயங்குவார். அப்பாவுக்கு ஷிப்ட் வேலை, மாலையில் பெரும்பாலும் இருக்க மாட்டார். பாட்டிக்கு ஆங்கிலம் என்றால் தமிழிலேயே புழங்கும் சில சொற்கள், அவ்வளவுதான்.

அம்மா என்னிடம் வந்தது பையனுக்காக. பள்ளியில் ஆசிரியை சொன்னதை அப்படியே சொன்னார்: "எழுத்தெல்லாம் நல்லா எழுதுறான், சொன்னது புரியுது, ஆனா வாயைத் திறந்து ஒரு வார்த்தை இங்கிலீஷ் பேச மாட்டேங்கிறான்." தனியாக டியூஷன் வைக்கலாமா என்று கேட்டார். வேண்டாம், முதலில் வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம் என்றேன். ஐந்து வயதுப் பிள்ளை பேசாமல் இருப்பதற்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும், அது தெரியாமல் இன்னொரு வகுப்பைத் தலையில் ஏற்றுவதில் பயனில்லை.

சர்க்கஸ் என்பது நான் கொண்டுபோன யோசனை இல்லை. அதற்குச் சில வாரம் முன்பு பிள்ளைகளை சர்க்கஸுக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் தினமும் அதே விளையாட்டு. சோபாவிலிருந்து குதிப்பது, தலையணையைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பது, ஒருவர் மேல் ஒருவர் ஏறுவது. "இதையே வச்சு ஏதாவது சொல்லிக் கொடுக்க முடியுமா மேடம்?" என்று கேட்டது அம்மாதான். பிள்ளைகள் ஏற்கனவே எதில் மூழ்கியிருக்கிறார்களோ அதிலிருந்து தொடங்குவதைவிட நல்ல தொடக்கம் கிடையாது என்பதால் நானும் சரி என்றேன்.

## முதலில் கவனித்தது

ஒரு மாலை அவர்கள் வீட்டில் ஓரமாக உட்கார்ந்து, எதிலும் தலையிடாமல் பார்த்தேன்.

அம்மா ஒரு படப் புத்தகத்தை விரித்து "வாட் இஸ் திஸ்?" என்று கேட்கிறார். பையன் படத்தைப் பார்க்கவில்லை, அம்மாவின் முகத்தைப் பார்க்கிறான். அந்த இரண்டு நொடிக்குள் தங்கை "லயன்!" என்று கத்திவிடுகிறாள். அம்மா அவளைத் தட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த பக்கம் திருப்புகிறார். நாலு பக்கம் போனதும் பையன் எழுந்து தன் கார் பொம்மையிடம் போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்து, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா போகிற போக்கில் "ஷட் த டோர்" என்றார். பையன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்க் கதவைச் சாத்தினான்.

ஆக, புரிதல் இருந்தது. ஒரு மொழியைப் புதிதாகக் கேட்கும் பிள்ளைகள் பேசத் தொடங்கும் முன் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் பேசாமல் உள்வாங்குவார்கள் என்பது அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீஃபன் கிராஷன் 1980-களில் எழுதியதிலிருந்து இந்தத் துறையில் பரவலாகப் பேசப்படுகிற விஷயம். அதை அம்மாவிடம் சொன்னபோதே அவர் முகத்தில் பாதி பாரம் இறங்கியது. ஆனால் அது மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. வேறு இரண்டு விஷயம் கண்ணில் பட்டது.

ஒன்று, அம்மா கேட்ட கேள்விகள் எல்லாமே பரீட்சைக் கேள்விகள். அது சிங்கம் என்று அம்மாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும் என்பது பையனுக்கும் தெரியும். அவன் பதில் சொல்வதால் அங்கே எதுவும் நடக்கப்போவதில்லை. சொன்னது தப்பானால் மட்டும் ஏதோ நடக்கும். இரண்டாவது, தங்கையின் வேகம். அவளுக்குத் தப்பைப் பற்றிக் கவலையே இல்லை, வாயில் வந்ததைச் சொல்வாள். அவன் யோசித்து முடிப்பதற்குள் இடம் போய்விடும். தினமும் இப்படித் தோற்றுக்கொண்டிருக்கும் ஓர் ஆட்டத்தை எந்தப் பிள்ளையும் விட்டு விலகத்தான் பார்ப்பான்.

## முதல் கட்டம்: பட அட்டைகள்

அம்மா உற்சாகமாக ஆரம்பித்தார். அட்டையில் படம் வரைந்து, கீழே பெயர் எழுதி, ரிங் மாஸ்டர், ஜோக்கர், ஜக்லர், அக்ரோபேட், ட்ரபீஸ் (தொங்கும் ஊஞ்சல்), டைட்ரோப் (இழுத்துக் கட்டிய கயிறு), யூனிசைக்கிள் (ஒற்றைச் சக்கர சைக்கிள்) என்று ஒரு கட்டு தயார் செய்தார். தினமும் மாலை அட்டையைக் காட்டிப் பெயர் சொல்லும் பயிற்சி.

பதினைந்து நாள் ஓடியது. தங்கை எல்லாப் பெயரையும் சொன்னாள். பையன் "ஜக்லர் எங்கே?" என்றால் சரியான அட்டையைத் தொடுவான், வாய் திறக்க மாட்டான். பழைய நிலைமைதான், புத்தகத்துக்குப் பதில் அட்டை வந்திருந்தது.

அட்டைகளை எடுத்து வைத்துவிடலாம் என்று அப்போது முடிவெடுத்தோம். முக்கியக் காரணம், அந்தச் சொற்களுக்கு சர்க்கஸுக்கு வெளியே வேலையில்லை. யூனிசைக்கிள் என்று தெரிந்த பிள்ளைக்கு நாளை முழுக்க அதைச் சொல்ல ஒரு சந்தர்ப்பம்கூட வராது. ஆனால் அதே சர்க்கஸுக்குள் ஜம்ப், ஸ்டாப், டர்ன், த்ரோ, கேட்ச், அப், டவுன், ஸ்லோலி, அகெய்ன், மை டர்ன், லுக் அட் மீ என்று அன்றாடம் தேவைப்படும் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. சர்க்கஸ் என்றதும் பலரும் முதலில் அந்த அரிய பெயர்களைத்தான் பொறுக்குகிறார்கள். என் கணக்கில் அவை வெறும் அலங்காரம், பிள்ளைக்கு உதவுவது அங்கே நடக்கும் செயல்களுக்கான சொற்கள்.

## வட்டம் போட்டோம்

அடுத்து, தரையில் வண்ண டேப்பால் ஒரு வட்டம் ஒட்டினோம். இன்றைய சர்க்கஸின் வட்டத்துக்கும் ஒரு காரணம் உண்டு. 1768-இல் லண்டனில் ஃபிலிப் ஆஸ்ட்லி என்ற முன்னாள் குதிரைப்படை வீரர் குதிரை சாகசம் காட்டத் தொடங்கியபோது, குதிரை வட்டமாக ஓடினால் அதன் முதுகில் நின்று சமநிலை பிடிப்பது சுலபம் என்பதாலும், சுற்றி இருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும் என்பதாலும் அந்த வடிவத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு அதன் விட்டம் 42 அடி, அதாவது சுமார் 13 மீட்டர் என்று நிலைத்தது. எங்கள் வட்டம் மூன்று பேர் நிற்கும் அளவுதான், ஆனால் அதற்கும் ஒரு வேலை இருந்தது. வட்டத்துக்குள் ஆங்கிலம், வெளியே தமிழ். தமிழில் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக வெளியே வந்து சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போகலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இது எனக்கு முக்கியமாகப் பட்டது. வீடு முழுக்க ஆங்கிலம் என்று விதி வைத்தால் பேசத் தயங்கும் பிள்ளை வீட்டிலும் ஊமையாகிவிடுவான், அவனுக்கு மிச்சமிருக்கும் ஒரே சௌகரியமான இடத்தையும் பிடுங்கிவிடுவோம். எல்லை கண்ணுக்குத் தெரிந்தால் அந்தப் பயம் இல்லை.

வட்டத்துக்குள் நடந்தது ரொம்ப எளிமை. அம்மா ரிங் மாஸ்டர். தரையில் நேராக ஒட்டிய டேப்தான் கயிறு. "வாக். வாக் ஸ்லோலி. ஸ்டாப். டர்ன் அரௌண்ட். ஒன் ஃபுட். டூ ஃபீட். ஜம்ப்!" பிள்ளைகள் செய்ய வேண்டும், பேச வேண்டியதில்லை. முதலில் அம்மாவும் சேர்ந்து செய்து காட்டுவார், பிறகு கையைக் கட்டிக்கொண்டு சொல் மட்டும் சொல்வார். இந்த முறையை 1960-களில் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் டோட்டல் ஃபிசிக்கல் ரெஸ்பான்ஸ் என்ற பெயரில் எழுதினார். கட்டளையைக் கேட்டு உடம்பால் பதில் சொல்வது, பேச்சு தானாக வரும்வரை கட்டாயப்படுத்தாமல் இருப்பது, இதுதான் அதன் அடிப்படை.

பந்து வீசிப் பிடிப்பதற்குப் பதில் மெல்லிய துணிகளைக் கொடுத்தோம். துணி மெதுவாக இறங்கும் என்பதால் சின்னக் கைகள் பிடித்துவிடும், "த்ரோ" என்பதற்கும் "கேட்ச்" என்பதற்கும் நடுவில் சொல்லைச் சொல்ல நேரமும் கிடைக்கும். பந்து என்றால் பாதி நேரம் கட்டிலுக்கு அடியில் தேடுவதிலேயே போகும். பலூன் வேண்டும் என்று தங்கை கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். ஊதாத பலூனும் உடைந்த பலூன் துண்டும் எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் தொண்டையில் சிக்கி மூச்சை அடைக்கலாம், மூன்றரை வயதுப் பிள்ளை இருக்கும் இடத்தில் அந்த ஆபத்து தேவையில்லை. நாற்காலி மேல் ஏறுவது, சோபாவிலிருந்து குதிப்பது இரண்டையும் அப்போதே நிறுத்தினோம். கயிறு, மேடை எல்லாமே தரைமட்டம்தான். நிஜக் கயிறு காலுக்கடியில் உருளும் என்பதால் அதையும் தொடவில்லை.

பையன் முகம் மாறியது இங்கேதான். அவன் உடம்பு வேகமானது. "டர்ன் அரௌண்ட்" என்றால் தங்கை யோசிக்கும் முன் இவன் திரும்பியிருப்பான். முதல் தடவையாக ஆங்கிலத்தில் அவளை முந்தினான். பேச்சு இன்னும் வரவில்லை, ஆனால் "இன்னைக்கு சர்க்கஸ் உண்டா?" என்று அவனே கேட்க ஆரம்பித்தான். தினமும் பத்திலிருந்து பதினைந்து நிமிஷம், அவர்கள் சலிப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அதை அவர் கறாராகக் கடைப்பிடித்தார்.

## சாட்டை விவகாரம்

ஒரு நாள் படப் புத்தகம் ஒன்றில் சிங்கத்தின் முன்னால் சாட்டையோடு நிற்கும் ஆளைப் பார்த்துவிட்டு, பையன் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு தங்கையை விரட்டினான். அவளும் சிங்கமாகத்தான் இருந்தாள், ஆனால் ஓர் அடி விழுந்ததும் அழுகை.

சிங்கத்தையே நீக்கிவிடலாமா என்று அம்மா கேட்டார். பிள்ளைகளுக்கு மிருகமாக இருப்பதில் அவ்வளவு சந்தோஷம், அதை எடுப்பதில் எனக்கு விருப்பமில்லை. சாட்டையை எடுத்தோம். அம்மா அவனிடம் நேராகவே பேசினார்: சிங்கத்தை அடித்துப் பழக்குவது சரியில்லை என்று இப்போது பல நாடுகள் அதை நிறுத்திவிட்டன. இது உண்மைதான். பொலிவியா 2009-இலேயே சர்க்கஸில் எந்த விலங்கும் கூடாது என்று சட்டம் போட்டது, இங்கிலாந்தில் 2020 ஜனவரி முதல் ஊர்சுற்றும் சர்க்கஸ்களில் காட்டு விலங்குகளுக்குத் தடை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இந்த அளவு நியாயம் நன்றாகவே புரியும், புரிந்தது.

பிறகு ஒரு புது விதி. சிங்கத்திடம் "ப்ளீஸ்" சொன்னால்தான் அது அசையும், இல்லாவிட்டால் படுத்துத் தூங்கும். தங்கைக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது, கண்ணை மூடிக்கொண்டு குறட்டை விடுவாள். அம்மா "ஜம்ப், லயன்" என்பார், குறட்டை. "ஜம்ப், ப்ளீஸ்" என்பார், எழுந்து குதிப்பாள். பையனின் நோட்டில் பதிவான முதல் சொந்தச் சொல் இங்கே வந்தது. அம்மா வேண்டுமென்றே "ப்ளீஸ்" சொல்லாமல் நின்றபோது, அவன் பொறுக்க முடியாமல் "ப்ளீஸ்! ப்ளீஸ்!" என்று அம்மாவுக்கு எடுத்துக் கொடுத்தான். யாரும் கேட்கவில்லை. காரியம் நடக்க அந்தச் சொல் தேவைப்பட்டது, அவனிடம் இருந்தது.

நோட்டு என்றேன் இல்லையா, அதையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவை ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு எழுதச் சொல்லியிருந்தேன்: கேட்டு உடம்பால் செய்தது, கூடவே திருப்பிச் சொன்னது, யாரும் சொல்லாமல் தானே சொன்னது. தினமும் எழுத வேண்டாம், மூன்றாவது பத்தியில் ஏதாவது விழும்போது மட்டும் கட்டாயம் எழுத வேண்டும். பெற்றோர் பெரும்பாலும் இரண்டாவது பத்தியைப் பார்த்து மகிழ்கிறார்கள். நான் பார்ப்பது மூன்றாவதை.

## பாட்டி உள்ளே வந்தது

இந்த ஆய்வை எழுதத் தூண்டியதே இந்தப் பகுதிதான்.

இதற்குள் பையனை ரிங் மாஸ்டராக்கிப் பார்த்தோம். தொப்பி கொடுத்து, அம்மாவும் தங்கையும் அவன் சொல்வதைச் செய்வதாக ஏற்பாடு. இரண்டு நாள் முயன்றும் நடக்கவில்லை. தொப்பியோடு நின்றான், கையால் சைகை காட்டினான். அம்மா அதைப் புரிந்துகொண்டு செய்துவிட்டார், தங்கையோ அவன் சொல்லும் முன்பே தன் இஷ்டத்துக்குக் குதித்தாள். அவன் பேசாமலேயே எல்லாம் நடந்தது.

அன்று பாட்டி வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் அவரை உள்ளே கூப்பிடலாமா என்று கேட்டேன். அம்மா, "அத்தை, நீங்களும் வாங்களேன்" என்றார்.

"எனக்கு இங்கிலீஷ் எங்கம்மா தெரியும்?" என்றார் பாட்டி.

"அதுக்குத்தான் கூப்பிடுறோம். அவன் சொல்லட்டும், நீங்க செய்யுங்க. புரியலைன்னா சும்மா உட்காருங்க."

பாட்டி நாற்காலியை வட்டத்துக்குள் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பையன் அவர் முன்னால் நின்று கையை மேலே காட்டினான். பாட்டி அவன் முகத்தையே பார்த்தபடி சிரித்துக்கொண்டிருந்தார், எதுவும் செய்யவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே. பிறகு மெல்ல, "அப்" என்றான். பாட்டி ஒரு கையைத் தூக்கினார். அவன் தலையாட்டினான், "நோ. பாட்டி, அப்!" என்றான். இரண்டாவது கையும் மேலே போனது. அவனுக்குப் பொறுக்கவில்லை. காலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, தெளிவாக, சத்தமாக, "நோ! ஸ்டாண்ட் அப்!" என்றான். பாட்டி எழுந்து நின்றார். அவன் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்துவிட்டு, "சிட் டவுன்" என்றான். உட்கார்ந்தார். "ஸ்டாண்ட் அப்." அன்று பாட்டி போதும் போதும் என்னும்வரை விடவில்லை.

ஒற்றை "அப்" எப்படி "ஸ்டாண்ட் அப்" ஆனது என்று பாருங்கள். யாரும் திருத்தவில்லை, முழுசாகச் சொல் என்று யாரும் கேட்கவில்லை. சொன்னது எதிரில் இருப்பவருக்குப் போய்ச் சேரவில்லை, அதனால் தன்னிடம் இருந்ததில் இன்னும் துல்லியமான ஒன்றைத் தேடி எடுத்தான். மெரில் ஸ்வெய்ன் என்ற ஆய்வாளர் 1985-இல் இதைத்தான் எழுதினார். கனடாவில் பிரெஞ்சு வழியாகப் பள்ளிப் பாடம் படித்த ஆங்கிலப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் கேட்டு நன்றாகப் புரிந்துகொண்டாலும் பேச்சு பின்தங்கியே இருந்தது. கேட்பது மட்டும் போதாது, சொல்ல வேண்டியதைப் புரியும்படி சொல்லியே ஆக வேண்டிய நெருக்கடியும் வேண்டும் என்பது அவர் வாதம். அம்மாவோடு அந்த நெருக்கடி வராது, சைகையிலேயே பிள்ளையைப் புரிந்துகொள்வார். பாட்டியோடு வந்தது.

வீட்டில் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஆள் இல்லையே என்று கவலைப்படும் பெற்றோரை நிறையப் பார்க்கிறேன். பேசத் தயங்கும் பிள்ளைக்கு, தன்னைவிடக் குறைவாகத் தெரிந்த, தன்னை அவசரப்படுத்தாத, தப்பு கண்டுபிடிக்க முடியாத ஒருவர் கிடைப்பது எவ்வளவு பெரிய வசதி என்பதை இந்த வீட்டில்தான் இத்தனை தெளிவாகக் கண்டேன். பாட்டிக்கு அவன் ஆசிரியன். சந்தேகம் கேட்டால் வட்டத்துக்கு வெளியே போய்த் தமிழில் விளக்கிவிட்டு வருவான், அந்த விளக்கமும் அவனுக்கு ஒரு பயிற்சிதான்.

பாட்டியின் மூட்டுவலி காரணமாக, அவருக்கு உட்கார்ந்தபடி செய்யும் வேலைகளாக மாற்றினோம். கை, தலை, கண், மூக்கு, துணியை வீசுவது, தொப்பியை மடியில், தலையில், நாற்காலிக்கு அடியில் வைப்பது. இதனால் ஆன், அண்டர், இன் எல்லாம் தானாக வந்து சேர்ந்தன.

## தப்பாகச் சொன்னபோது

பேச்சு வர ஆரம்பித்ததும் அம்மாவின் அடுத்த கவலை தப்புகள். "பாட்டி நோ ஜம்ப்" என்பான். "ஸ்டாப்" என்பதை "இஸ்டாப்" என்பான்.

முதல் வகைக்கு, சரியான வடிவத்தைப் பேச்சோடு பேச்சாகத் திருப்பிச் சொன்னால் போதும் என்று முடிவெடுத்தோம்: "ரைட், பாட்டி இஸ் நாட் ஜம்பிங்." ஆனால் இது மந்திரம் இல்லை என்பதையும் அம்மாவிடம் சொன்னேன். ராய் லிஸ்டர், லெய்லா ரான்டா இருவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், அதுவும் கனடாவின் பிரெஞ்சு வழி வகுப்புகள்தான், ஆசிரியர்கள் மிக அதிகமாகப் பயன்படுத்திய திருத்தும் முறை இதுவாகவே இருந்தது, மாணவர்கள் தாங்களே திருத்திச் சொல்ல மிகக் குறைவாக வழி வகுத்ததும் இதுவே. அவர்கள் இவனைவிடப் பெரிய பிள்ளைகள். இருந்தாலும் இந்த வயதில், இப்போதுதான் வாய் திறந்த பிள்ளையை நிறுத்தித் திருத்துவதைவிட இது மேல் என்று நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். சரியான வடிவம் காதில் விழுந்துகொண்டே இருக்கட்டும்.

உச்சரிப்புக்கு ஒரு பாம்பு வந்தது. தங்கை தரையில் ஊர்ந்தபடி "ஸ்ஸ்ஸ்" என்பாள், பையன் கையை நீட்டி "டாப்!" என்பான். இருவரும் சேர்ந்து சொன்னால் "ஸ்ஸ்ஸ்டாப்". அப்புறம் "ஸ்ஸ்ஸ்பின்", "ஸ்ஸ்ஸ்டாண்ட்". முன்னால் ஒட்டிய "இ" பல சமயம் காணாமல் போனது. அவசரத்தில் கத்தும்போது இன்னும் வருகிறது, வந்தால் வரட்டும்.

தன் உச்சரிப்பு பிள்ளைக்குத் தொற்றிவிடுமோ என்று அம்மா கேட்டார். பிள்ளை பள்ளியிலும் மற்ற இடங்களிலும் பலவிதக் குரல்களைக் கேட்கிறான், உங்களிடமிருந்து அவனுக்கு வேண்டியது பயப்படாமல் பேசுகிற ஒருவரைப் பார்ப்பது, உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த சின்ன வாக்கியங்களை மட்டும் பேசுங்கள் என்றேன்.

## கோமாளியும் டிக்கெட்டும்

கட்டளை மட்டுமே வைத்து ஓட்டினால் பிள்ளைக்கு ஏவத்தான் தெரியும் என்பது கொஞ்ச நாளில் தெரிந்தது. கேட்கத் தெரியவில்லை, தன்னைப் பற்றிச் சொல்லத் தெரியவில்லை. அதனால் இரண்டைச் சேர்த்தோம்.

கோமாளி வேஷம் லீவு நாட்களில் அப்பாவுக்கு. முதல் நாள் முகம் முழுக்க வெள்ளைப் பூச்சோடு வந்து நின்றதும் தங்கை மிரண்டு பாட்டியின் பின்னால் ஒளிந்துகொண்டாள். அடுத்த முறை பூச்சு இல்லை, அவள் கண் முன்னாலேயே மூக்கில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும். அந்த அளவில் பயம் போய்விட்டது. கோமாளிக்கு எல்லாமே தப்பாகத்தான் தெரியும். தொப்பியைக் காலில் மாட்டிக்கொண்டு "இஸ் திஸ் மை ஹெட்?" என்பார். இருவரும் "நோ!" என்று அலறுவார்கள். "வாட் இஸ் இட்?" என்றால், அதே பரீட்சைக் கேள்விதான், ஆனால் இப்போது பதில் தெரியாதவர் பெரியவர். பையன் "இட்ஸ் யுவர் ஃபுட்!" என்று முழு வாக்கியம் சொன்னது இந்த ஆட்டத்தில்.

டிக்கெட் கவுண்டரைத் தங்கைக்குக் கொடுத்தோம், அது வட்டத்துக்கு வெளியே, அவளுக்கென்று தனி இடம். அதனால் அவள் வேகம் அண்ணன் மேல் இடிக்காமல் போனது. "ஹௌ மெனி?" "த்ரீ டிக்கெட்ஸ், ப்ளீஸ்." டிக்கெட்டில் எண்ணும் நிறமும் இருக்கும், பாட்டி கேட்டு வாங்கி அந்த நிறத்து இருக்கையில் உட்கார வேண்டும். பையனுக்கு "கேன் யூ" வந்தது மிருகங்கள் வழியாக: "கேன் யூ ஃப்ளை?" "நோ, ஐ காண்ட். ஐ கேன் ரோர்." இந்தக் கேள்வி பதில் ஒட்டிக்கொள்ள மற்ற எதையும்விட நாளானது.

## என்ன நடந்தது

ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து நோட்டைப் புரட்டினோம். மூன்றாவது பத்தி ஆரம்பத்தில் வெறுமையாக இருந்து, "ப்ளீஸ்", "அகெய்ன்", "மை டர்ன்" என்று துளித்துளியாகத் தொடங்கி, பாட்டி வந்த பிறகு பக்கத்துக்குப் பக்கம் நிறைந்திருந்தது. அதில் எனக்கு மிக மதிப்பானது சர்க்கஸுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பதிவு. பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் அம்மா அவன் ஷூவைத் தேடிக்கொண்டிருக்க, அவன் குனிந்து பார்த்து "அண்டர் த பெட்" என்றிருக்கிறான்.

வகுப்பில், நேராகத் தன்னிடம் கேட்டால் சின்னப் பதில் சொல்கிறான் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். எல்லார் முன்னாலும் எழுந்து நின்று பேசச் சொன்னால் இன்னும் தலையைக் குனிந்துகொள்கிறான். வாசிப்பில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை, நாங்கள் அதைத் தொடவும் இல்லை. நேற்று நடந்ததை ஆங்கிலத்தில் சொல்ல வராது. இந்த மூன்று மாதத்தில் பள்ளியிலும் அவன் தினமும் ஆங்கிலம் கேட்டுக்கொண்டுதான் இருந்தான், வயதும் கூடியது. வந்த மாற்றத்தில் எவ்வளவு பங்கு வீட்டு சர்க்கஸுக்கு என்று பிரித்துச் சொல்ல இந்த ஒரு வீட்டை வைத்து வழியில்லை. முதல் முழு வாக்கியம் எப்போது, யாரிடம், எதற்காக வந்தது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

## இன்னொரு வீட்டில் என்றால்

அட்டையைத் தவிர்த்து முதல் நாளே வட்டத்தில் தொடங்குவேன். வீட்டில் ஆங்கிலம் மிகக் குறைவாகத் தெரிந்தவரை முதல் வாரத்திலேயே உள்ளே கூப்பிடுவேன். பாட்டியோ தாத்தாவோ இல்லாத வீட்டில் ஒரு பொம்மையை அந்த இடத்தில் வைக்கலாம், ஆனால் பொம்மையை அசைப்பவர் பிள்ளையின் சைகையைப் புரிந்துகொள்ளாதவர்போல நடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், அது பெற்றோருக்குச் சுலபமாக வருவதில்லை. இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஆரம்பத்திலிருந்தே வேறு வேறு பொறுப்பு, வேறு வேறு இடம்.

கேள்வி கேட்கும் ஆட்டங்களை இவ்வளவு தாமதிக்காமல், கட்டளைகள் உடம்புக்குப் பழகிய உடனே கொண்டுவருவேன். நோட்டோடு வாரம் ஒரு முறை குரலையும் பதிவு செய்து வைக்கச் சொல்வேன். உச்சரிப்பு மாறுவது எழுத்தில் சரியாகப் பிடிபடுவதில்லை.

இப்போது அந்த வீட்டில் சர்க்கஸ் வாரத்துக்கு ஒரு நாள்தான். பிள்ளைகளே ஆஸ்பத்திரி விளையாட்டுக்கு மாறிவிட்டார்கள். பையன் டாக்டர், பாட்டி நோயாளி. "வேர் டஸ் இட் ஹர்ட்?" என்று அவன் கேட்க வேண்டும் என்பதற்காக, தனக்கு எங்கே வலிக்கிறது என்பதைப் பாட்டி தானாகச் சொல்வதில்லை என்று அம்மாவோடு பேசி வைத்திருக்கிறார்.